தாராசுரத்து யானையும் என் இன்ஸ்டாகிராமும்

கும்பகோணம்

அன்புள்ள மாலதி,

நீயும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாய் என்று உன் தங்கை சொன்னாள். ஆமாம்டி, அந்தக் கை என்னுடையதுதான். தாராசுரம் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் இருக்கிறதே, அதைப் பால்பாயிண்ட் பேனாவில் வரைந்துகொண்டிருந்தேன், பெரியவன் செல்போனில் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். இரண்டாம் ராஜராஜன் காலத்திலிருந்து அங்கேயே நிற்கிற சிற்பத்துக்கு இல்லாத கூட்டம் என் பேனாவுக்கு வந்துவிட்டது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. கல்யாண ஜோடியின் முகங்களை அதே மாதிரி ஒட்டி வரைந்து தரச் சொன்னார் ஒருவர் (இதில் யானை யார், காளை யார் என்று கேட்க வாய் வரை வந்தது). மகாமகக் குளத்துப் படிக்கட்டு, வெண்டைக்காய் நறுக்கும் மாமியார் கை என்று வேறு எதைப் போட்டாலும், “பழையபடி கோயில் போடுங்க அக்கா” என்கிறார்கள். பிரியமாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பிடித்தது அந்த ஒரு படம், என்னை அதிலேயே உட்காரச் சொன்னால் எப்படி?

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து அனுப்பியிருந்தாள். தும்பிக்கையை அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது. எனக்கும் அந்த வளைவுதான் படியவே இல்லை. முதலில் கண்ணைப் போட்டுவிடு, அது ரெண்டுக்கும் பொது, மீதியை அதிலிருந்து இழுத்துக்கொண்டு போ என்று அவளுக்கு மட்டும் நீளமாக எழுதினேன்.

ஒரு கடைக்காரர் என் கையெழுத்தை அழித்துவிட்டுப் படத்தைக் காபி கப்பில் அச்சடித்து விற்றார். கேட்டால், சிற்பம் பொதுச்சொத்துதானே என்றார். சிற்பம் பொது, என் கோடு பொது இல்லையே. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவுடனே உரிமை வந்துவிடுகிறது, பதிவுகூட வேண்டாம் என்று வீட்டுக்காரர் எழுதிப் போட்ட பிறகுதான் கப் மறைந்தது.

இப்போது ஆர்டர் எடுப்பதில்லை, பதிலெல்லாம் ஞாயிறு மதியம் மட்டும். ஆபீஸ் விட்டு வந்து வரைவதற்கும் டெலிவரி தேதி வைத்தால் அது இன்னொரு ஆபீஸ். வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு, வருகிற காசை விடுகிறேனாம்.

நீ செய்கிற சுடுமண் தோடுகளைப் போட யோசிக்கிறாயாமே? தாராளமாகப் போடு. விற்பதா இல்லையா என்பதை மட்டும் முதலிலேயே முடிவு பண்ணிக்கொள், ஏனென்றால் முதல் கேள்வியே “விலை என்ன?” என்றுதான் வரும். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? எழுது.

அன்புடன்,
கீதா