யாழினிக்கு: அந்த உலக உருண்டையை அழித்துவிடு

அன்புள்ள யாழினி,

ஈரநில நாள் ஓவியப் போட்டிக்கு நீ பென்சிலில் போட்டு அனுப்பிய மாதிரிப் படத்தைப் பார்த்தேன். நடுவில் உலக உருண்டை, ஒரு பாதி பச்சை, மறுபாதி வெடித்த நிலம். அதைத் தாங்க இரண்டு கைகள். இடது ஓரத்தில், தாமரைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் ஒரு பறவை. அந்தப் பறவையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடு.

உருண்டையை நீ நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். ஆனால் அதில் பள்ளிக்கரணை எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் ஈரநில ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனால்தான் அந்தத் தேதி ஈரநில நாள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அந்த ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. உன் வீட்டிலிருந்து ஒரு பேருந்தில் போகிற தூரத்தில் அப்படி ஓர் இடம் இருக்கும்போது, அங்கே ஒரு காலைப் பொழுதை அப்படியே வரைவதுதான் உன் படத்துக்கு நல்லது.

என்ன வரைவது என்று குழம்பாதே. சதுப்பு நிலத்தில் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம் முடிவு செய்கிறது. சேற்று ஓரத்தில் சின்ன உள்ளான்கள் ஓடும். ஒரு சாண் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான் நிற்கும். அதைவிடச் சற்று ஆழத்தில் பெரிய வெண்கொக்கு நிற்கும். அப்பால் நாமக்கோழியும் புள்ளிமூக்கு வாத்தும் மிதக்கும். திறந்த ஆழத்தில் முக்குளிப்பான் மூழ்கி வேறோர் இடத்தில் எழும். ஓரத்தில் மண்ணோ குப்பையோ கொட்டினால் முதலில் போவது அந்த ஒரு சாண் தண்ணீர். ஆகவே முன்னால் சேறு, நடுவில் ஆழமில்லாத தண்ணீர், பின்னால் ஆழம், அதற்கும் பின்னால் அடுக்குமாடிகளும் பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் என்று நான்கு பட்டைகளாகப் படத்தைப் பிரி. வாசகம் எழுத வேண்டிய தேவையே வராது. கிடங்கில் குப்பையைக் கிளறிப் பிரிக்கும் வேலையால் அதன் தோற்றம் மாறியிருக்கக்கூடும் என்பதால், பழைய புகைப்படத்தை நம்பாமல் நீ போகும் நாளில் எப்படித் தெரிகிறதோ அப்படி வரை.

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதன் ஓரத்தில், வண்டிகளுக்கு விலகி, காலை ஆறரை மணிக்கு நில். எட்டரைக்கு மேல் வெயில் உச்சியை நோக்கி ஏறிவிடும். நிழல் சுருங்கிப் பறவைகள் தட்டையாகத் தெரியும். 8×42 பைனாகுலர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் போதும். ஒரு பறவைக்கு முப்பது விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே. உடலுக்கு ஒரு முட்டை, கழுத்துக்கு ஒரு கோடு, காலுக்கு இரண்டு கோடு. இப்படி இருபது கிறுக்கல்கள் சேர்ந்தால்தான் வீட்டில் ஒன்றை முழுமையாக வரைய முடியும். இணையத்தில் யாரோ எடுத்த ஒரே புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரையாதே. அது அவருடைய படம். நடுவர்களுக்கும் தெரிந்துவிடும்.

இனி உன் பறவைக்கு வருகிறேன். அதன் கால் தவறு. நடுவில் பின்பக்கமாக மடங்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்து முன்பக்கமாக மடித்துவிட்டாய். அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கும், வெளியே தெரியாது. இன்னொன்று, ஒற்றைக் காலில் நிற்கும் பறவையின் உடல் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பாதத்தில் இறங்க வேண்டும். உன் படத்தில் கால் வால் பக்கம் போய்விட்டதால் பறவை முன்னால் விழப்போவதுபோல் இருக்கிறது. வரைவதற்கு முன் உடலின் நடுவிலிருந்து மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்றைப் போட்டுக்கொள்.

இது எந்தப் பறவை என்பதையும் நீ முடிவு செய்யவில்லை. கொக்கு என்றால் எந்தக் கொக்கு? சின்ன வெண்கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெரிய வெண்கொக்குக்கு வாய்க்கீற்று கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். எந்தக் கொக்கானாலும் கழுத்தை வழவழப்பான வளைவாகப் போடாதே. நடுவில் ஓர் இடத்தில் ஒடித்தது போன்ற முனை உண்டு. பறக்கும்போது கொக்கு கழுத்தை மடித்துக்கொள்ளும், பூநாரை நீட்டிக்கொள்ளும். வானத்தில் நீ போட்டிருக்கும் கழுத்து நீட்டிய வெள்ளைக் கூட்டம் கொக்காக இருக்க முடியாது.

என்னைக் கேட்டால், முன்னால் நிற்க நெடுங்கால் உள்ளானையே தேர்ந்தெடுப்பேன். கறுப்பு இறக்கை, வெள்ளை வயிறு, ஊசி போன்ற கறுப்பு அலகு, ரோஜா நிறக் கால்கள். காலில் பாதி தண்ணீருக்குள் இருந்தால் ஆழம் எவ்வளவு என்று பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். வேறெந்தப் பறவையும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பருவத்தையும் கவனி. பிப்ரவரியில் நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீளமான வால் இருக்காது. அது இனப்பெருக்க காலத்து அழகு. குளிர்காலத்தில் மேலே பழுப்பு, கீழே வெள்ளை, கழுத்தோரம் ஒரு கறுப்புக் கோடு, குட்டை வால். மடையான் கொக்கும் அப்போது பழுப்புக் கீற்றுகளோடு சேற்றோடு சேறாகத்தான் நிற்கும். நாமக்கோழிக்கு வாத்துபோல் சவ்வுப் பாதம் போடாதே. அதன் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மடல்கள் உண்டு. நீரில் மிதக்கவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

செடிகளிலும் இதே பிழை நடக்கிறது. நீ தாமரைப் பூவைப் போட்டுவிட்டு, நீரில் படுத்திருக்கும் வெட்டுள்ள இலைகளைப் போட்டிருக்கிறாய். அது அல்லி இலை. தாமரை இலை வெட்டில்லாத வட்டம், பெரும்பாலும் காம்பில் நீருக்கு மேலே எழுந்து நிற்கும். இரண்டுக்கும் பதிலாகச் சம்புப் புல் போடு. பழுப்பு நிறச் சுருட்டு போன்ற கதிர், அதன் தலையில் மெல்லிய குச்சி, தட்டையாக நீண்டு லேசாக முறுக்கிய இலைகள். எல்லா இலையையும் நேராக நிறுத்தாதே, ஐந்தில் ஒன்று ஒடிந்து தொங்கட்டும். ஆகாயத் தாமரையின் ஊதாப் பூவை மட்டும் அலங்காரமாகச் சேர்க்காதே. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்து நீர்ப்பரப்பை மூடும் செடி. சுற்றுச்சூழல் படத்தில் அதை அழகுக்கு வைத்தால், விஷயம் தெரிந்தவர்கள் மனம் நோவார்கள்.

அளவுகளில் தவறாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. உன் கண் நீர்மட்டத்திலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வை. பறவை நீருக்கு மேலே 30 செ.மீ. தெரிகிறது. 150-ஐ 30-ஆல் வகுத்தால் 5. அதாவது அந்தப் பறவை கிட்ட நின்றாலும் தூர நின்றாலும், அது நிற்கும் நீர்மட்டத்திலிருந்து தொடுவானம் அதன் உயரத்தைப்போல் ஐந்து மடங்கு மேலே இருக்க வேண்டும். சாலை மேட்டிலிருந்து பார்த்தால் கண் உயரம் கூடும், மடங்கும் கூடும். பின்னால் நிற்கும் பறவைகள் பூதம்போல் பெரிதாகவோ எறும்புபோலவோ தெரிவதற்குக் காரணம் இந்தக் கணக்கு தப்புவதுதான்.

பிரதிபலிப்பு இதைவிட எளிது. கால் வலப்பக்கம் சாய்ந்து மேலே போனால், பிம்பமும் வலப்பக்கம் சாய்ந்தே கீழே இறங்கும். தொடங்கும் இடம் கால் நீரைத் தொடும் புள்ளி. வெளிச்சமான பகுதி பிம்பத்தில் கொஞ்சம் மங்கும், இருட்டான பகுதி கொஞ்சம் வெளுக்கும்.

நீர்வண்ணத்தில் போடுவதால் தாளில் சிக்கனம் பார்க்காதே, மற்ற எதிலும் பார்க்கலாம். 300 ஜிஎஸ்எம் எடையுள்ள பருத்தித் தாள், கோல்ட் பிரஸ் எனும் லேசான சொரசொரப்புள்ள வகை, ஏ3 அளவு. 200-க்குக் கீழே போனால் முதல் வண்ணப் பூச்சிலேயே அப்பளம்போல் நெளியும். சென்னைக் காற்றின் ஈரத்தில் திறந்து கிடந்த தாளில் மேல்பூச்சு கெட்டுவிடும். அங்கங்கே புள்ளிபுள்ளியாக வண்ணத்தை உறிஞ்சும், அதைச் சரிசெய்ய வழியில்லை. பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை. பலகையில் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, ஒரு செ.மீ. ஓரம் விடு. வட்டத் தூரிகை 10, 6, 2 மூன்றும் போதும்.

வெள்ளை டியூப் வேண்டாம். வெள்ளை என்பது தாள். பறவையின் வயிறும் நீரின் மினுக்கும் வரும் இடங்களில் வண்ணம் படாமல் தாளை மறைத்து, பிறகு உரித்தெடுக்கிற மாஸ்கிங் ஃப்ளூயிட் தடவு. தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள், இல்லையென்றால் மயிர் ஒட்டிப் பாழாகும். ஃப்ளூயிடைத் தடவும்போதும் உரிக்கும்போதும் தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு மேல் விட்டால் தாளோடு கிழிந்து வரும்.

வண்ணம் நான்கு: அல்ட்ராமரின் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் யெல்லோ. உள்ளானின் கால்களுக்கு மட்டும் ஒரு துளி ரோஸ். டியூபிலிருந்து வரும் பச்சை பிளாஸ்டிக்போல் இருக்கும். நீலத்தில் மஞ்சளைக் கலந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு சியன்னா சேர். இறக்கையின் கறுப்புக்கு அல்ட்ராமரினும் சியன்னாவும் சரிபாதி, தண்ணீர் குறைவாக. அதே கலவையில் நிறையத் தண்ணீர் விட்டால் வெள்ளை வயிற்றின் நிழல் கிடைக்கும். ஒரே கலவையில் நான்கு நிறங்களைப் போட்டால் சேறுதான், அதுவும் முன்பட்டைக்கு ஆகும்.

வானத்தையும் தண்ணீரையும் ஒரே மூச்சில் போடு. பலகையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தாளை நனைத்து, மேலிருந்து கீழே இழு. பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடாதே. புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளி ஓரங்களில் காலிஃபிளவர் மாதிரித் திட்டு கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடு, அது ஒரு பக்கத்தை மட்டும் காயவைத்துக் கோடு விழச்செய்யும். நன்றாகக் காய்ந்த பிறகு தூரத்துக் கட்டடங்களை வெளிர் நீலச் சாம்பலில், ஜன்னல் எதுவும் எண்ணாமல் போடு. பிறகு சம்புக் கூட்டம், பிறகு பறவைகள், கடைசியில் முன்சேறு. மைப்பேனா பயன்படுத்தினால் நீர்படாத மையா என்று துண்டுத்தாளில் முதலில் சோதித்துப் பார். கண்ணை எழுதும்போது வெளிச்சப் புள்ளிக்கு ஒரு துளி தாளை வெறுமனே விட்டுவிடு, முழுக்கக் கறுப்பாக நிரப்பாதே.

கீழ் ஓரத்தில் வாசகத்துக்குப் பதிலாகப் பறவையின் பெயர், இடம், தேதி மூன்றையும் பென்சிலில் எழுது.

அனுப்புவதற்கு, ஏ3 பெரும்பாலான வீட்டு ஸ்கேனரில் அடங்காது. ஜன்னலோரம், நேர் வெயில் படாத காலை வெளிச்சத்தில் சுவரில் மாட்டி, ஒரு மீட்டர் தள்ளி நின்று இரட்டை ஜூமில் புகைப்படம் எடு. கிட்ட வந்து எடுத்தால் ஓரங்கள் பீப்பாய்போல் வளையும். ஓரத்தில் வெற்றுத் தாள் ஒன்றை வைத்தால் வெள்ளையைச் சரிபார்க்க உதவும். டேப்பை அதற்கு முன்பே உரித்துவிடு, படத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 45 டிகிரி சாய்வில், அவசரப்படாமல். இழுத்தும் வர மறுத்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டு.

காலைச் சரிசெய்த பென்சில் படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, வண்ணம் தொடுவதற்கு முன் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா