எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கும் டாக்டரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழில், ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்களுக்காக மருத்துவத் துறை வேலைகள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல முயற்சி, வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் ரேடியோலோஜிஸ்ட் என்று வந்த இடத்தில் "எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எடுப்பவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான்காம் படிவம் படிக்கும் என் அண்ணன் மகள் அதைப் படித்துவிட்டு, "மெஷின் வேலைதானே அத்தை, இதுக்கு எதுக்கு டாக்டருக்குப் படிக்கணும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்.

படம் எடுப்பவர் ஜுரு எக்ஸ்ரே. அதுவும் முறையாகப் படித்துச் செய்கிற வேலை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நம்மைத் திருப்பி நிறுத்தி மூச்சைப் பிடிக்கச் சொல்பவர் அவர்தான். எடுத்த படத்தை உட்கார்ந்து பார்த்து, இது நோய், இது பழைய தழும்பு, இதை ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தருபவர் வேறு ஆள். அவர்தான் ரேடியோலோஜிஸ்ட், டாக்டருக்குப் படித்து, அதற்கு மேலும் படித்த பாக்கார், அதாவது சிறப்பு மருத்துவர். அவர் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை, குழப்பம் அதனால்தான் வருகிறது.

எனக்கும் இது தெரியாமல்தான் இருந்தது. என் அம்மா முப்பது வருஷம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்தில் இருந்த காலத்தில் உடம்புக்கு என்ன வந்தாலும் டிரசர் ஐயா கொடுக்கிற மருந்துதான். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் டவுன் பக்கம் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு, 62 வயதில் முதல் தடவையாக மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துக்கொண்டார், அதுவும் நான் கெஞ்சிக் கூத்தாடி. ஒன்றுமில்லை என்றார்கள். படங்களைப் போட்டுக் கொடுத்த பெரிய பழுப்புக் கவரை அம்மா அலமாரியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றினார், ஏனென்றால் அதன் மேல் 'ஜாங்ஙான் லிப்பாட்', மடிக்காதே, என்று அச்சடித்திருந்தது.

மூன்று வருஷம் கழித்து இரண்டாம் தடவை போனபோது அந்தக் கவரையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்தார். படம் எடுத்து முடித்து நாங்கள் கிளம்ப இருந்தோம். உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து, "ஆண்ட்டி, பழைய படம் இருக்கா?" என்று கேட்டு, எங்களைத் தன் அறைக்குள் கூட்டிப்போனார். விளக்கு அணைத்த அறை, மேசையில் இரண்டு பெரிய திரை, சுவரில் வெளிச்சப் பெட்டி. பழைய படத்தை அந்தப் பெட்டியில் மாட்டி, புதுப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கறுப்புச் சேலையில் ரவை சிந்தின மாதிரி ஆறேழு வெள்ளைப் புள்ளிகள். பழைய படத்தில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. "கையில தடவிப் பார்த்தா எதுவும் தெரியாது. ஆனா இது புதுசு, ஒரே இடத்துல கூட்டமா இருக்கு, வடிவமும் ஒழுங்கா இல்ல" என்றார். பிறகு ஒரு நாள் வரச்சொல்லி, ஊசி வைத்துச் சதை எடுத்ததும் அவரேதான். ஆரம்பக் கட்டப் புற்று, பால் குழாயை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர் எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குணமானதும் மாரியம்மன் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்யப் போனோம். அப்போது அம்மா, "படத்தைப் பார்த்துச் சொன்னுச்சே அந்தப் பொண்ணு, அது பேருக்கும் பண்ணணும்" என்றார். எங்கள் யாருக்கும் பெயர் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன், கடைசி வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போய் அர்ச்சனையை முடித்தோம். அம்மாவுக்கு இப்போது 78 வயது.

அதற்குப் பிறகுதான் இந்தத் துறையைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மெஷின் போட்டு அழுத்துகிறார்கள் என்று அம்மா அன்றைக்குத் திட்டிக்கொண்டே வந்தார். அப்படி அழுத்திப் பிடித்தால்தான் படம் தெளிவாக விழும், அந்த வெள்ளைப் புள்ளிகளைக் கவனிக்க வேண்டும் என்று 1940களின் இறுதியில் வலியுறுத்தியவர் உருகுவே நாட்டு ரேடியோலோஜிஸ்ட் ராவுல் லெபோர்ன். சுவீடனில் லாஸ்லோ தபார் என்ற ரேடியோலோஜிஸ்ட் 1977இல் இரண்டு மாவட்டப் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். ஒரு பிரிவினருக்கு மேமோகிராம் அழைப்பு, இன்னொரு பிரிவினருக்கு இல்லை. 1985இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது, 40 முதல் 74 வயது வரை அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 31 விழுக்காடு குறைவு. தேவையில்லாத சிகிச்சைக்கும் இது வழிவிடுகிறது என்ற விவாதம் இன்றும் நடக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் அம்மா மாதிரி கையில் கட்டி தென்படாத பெண்ணைக் கூப்பிட்டுப் படம் எடுக்கும் வழக்கம் உலகத்தில் பரவியதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம்.

சி.டி. ஸ்கேன் கதையும் எனக்கு மனசில் நிற்கிறது. 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலைக்குள் பார்த்தார்கள். கருவியைச் செய்தவர் ஹவுன்ஸ்பீல்டு என்ற பொறியியலாளர். அவருக்கும் கோர்மாக் என்ற இயற்பியலாளருக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஹவுன்ஸ்பீல்டுடன் சேர்ந்து உழைத்து, நோயாளியை அதில் படுக்க வைத்து, கிடைத்த படம் என்ன சொல்கிறது என்று படித்தவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற ரேடியோலோஜிஸ்ட். அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

அப்புறம் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருக்கிறார். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. எங்கள் தாமானில் ஒரே வரிசையில் இரண்டு வீட்டில் அதனால் காலை வெட்டி எடுத்திருக்கிறார்கள். 1964 ஜனவரியில் அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரில் 82 வயதுப் பாட்டி ஒருவர், கால் அழுகத் தொடங்கியும், காலை வெட்ட விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். சார்ல்ஸ் டாட்டர் என்ற ரேடியோலோஜிஸ்ட் காலின் அடைத்த இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி வழியைத் திறந்துவிட்டார். கத்தி வைக்கவில்லை. அந்தப் பாட்டி அதற்குப் பிறகு உயிரோடு இருந்த இரண்டு வருஷத்துக்கு மேல் தன் சொந்தக் காலில்தான் நடந்தார். அதற்கு 11 வருஷம் முன்னால், 1953இல், ஊசி, அதன் வழியாகக் கம்பி, கம்பியின் மேல் குழாய் என்று இரத்தக் குழாய்க்குள் நுழையும் வழியைக் காட்டியவர் செல்டிங்கர், சுவீடன்காரர், அவரும் ரேடியோலோஜிஸ்ட். இன்றைக்கு இருதயத்தில் அடைப்பு எடுக்கிறார்கள் என்று நாம் சொல்வது இந்த வழியில் வந்ததுதான்.

வெளிநாட்டுக் கதையோடு நிறுத்த வேண்டியதில்லை. மலாயா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2005இல் மருத்துவப் படவியலுக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார்கள். அங்கே பணியாற்றிய பேராசிரியர் இங் குவான் ஹோங் 2018இல் மேரி கியூரி பெயரில் உள்ள அனைத்துலக விருதைப் பெற்றார். அவர் ரேடியோலோஜிஸ்ட் அல்ல, மருத்துவ இயற்பியலாளர். இயற்பியல் பிடிக்கும், ஆனால் டாக்டராகப் போக மனசில்லை என்கிற பிள்ளைகளுக்கும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

படிப்பு நீளம்தான், மறைக்க வேண்டாம். எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேசன் அல்லது எஸ்.டி.பி.எம். என்ற பல்கலைக்கழக நுழைவுப் படிப்பு, பிறகு மருத்துவம் ஐந்து வருஷம், பயிற்சி டாக்டராக இரண்டு வருஷம், அதன் பிறகு சில காலம் வேலை செய்து, ரேடியோலோஜியில் முதுகலைப் பயிற்சி நான்கு வருஷம். முப்பது வயதைத் தாண்டிவிடும். இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னபோது அவள் பயப்படவில்லை, அந்த இருட்டு அறையில் என்னென்ன தெரியும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஐயா, இந்த நாட்டில் ரேடியோலோஜிஸ்ட்டாக வேலை செய்யும் நம் தமிழ் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேசி, ஒரு நாளில் எத்தனை படம் படிக்கிறார், எதைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார், என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று ஒரு பக்கம் போடுங்கள். அண்ணன் மகளுக்கு அடுத்த வருஷம் எஸ்.பி.எம். அதற்குள் வந்துவிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்