ஒசாகா போலாமான்னு கேட்டியே மாப்ள

மாப்ள,

உன் மெசேஜ பாத்தேன், ஒத்த வரியில பதில் போட முடியாதுன்னுதான் மெனக்கெட்டு உக்காந்து எழுதறேன். மண்டபம் ஊர்ல எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, ஆனா தெருவுல ஒரு பஞ்சாயத்துன்னா முதல் ஆளா போய் நிக்குது. பாம்பன் புது பாலத்த 2025 ஏப்ரல்ல திறந்ததுல இருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் மறுபடி ஓடுது, 2022 கடைசியில நிறுத்துனதுல இருந்து இங்கயே இறங்கி பஸ் ஏறிக்கிட்டு இருந்த பாடு ஒழிஞ்சுச்சு. கப்பலுக்கு வழி விட நடுவுல 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேரா மேல போகுதுடா, பாக்கவே ஒரு கூட்டம் நிக்குது.

சரி உன் விஷயத்துக்கு வரேன். ஹாரி பாட்டர் கடைசி படம் 2011லயே வந்துருச்சு, பசங்களுக்கு அது யாருன்னே தெரியாது, அந்த படத்து கோட்டைய பாக்க அம்புட்டு காச கொட்டி ஜப்பான்ல ஒசாகா யுனிவர்சல் தீம் பார்க்குக்கு போகணுமான்னு கேட்டிருந்த. நான் ஒரு பார்க்குக்குள்ளயும் கால் வச்சவன் இல்ல, ராத்திரி ராத்திரி யூடியூப்ல பாக்குறதுதான், இருந்தாலும் சொல்றேன், போ. படம் ஒரு சாக்குதான் மாப்ள. ஆள முதல் தடவ உள்ள இழுத்துட்டு வர்றதோட அது வேலை முடிஞ்சுச்சு, அப்புறம் அங்க என்னத்த கட்டி வச்சிருக்கான்ங்கறதுதான் பேச்சு.

உன் ஊர்லயே பாரு, சிங்கப்பூர் யுனிவர்சல்ல சிவப்பும் நீலமுமா ரெண்டு ரோலர் கோஸ்டர் பின்னிக்கிட்டு போகுதே, அது பேட்டில்ஸ்டார் கலாக்டிகான்னு ஒரு டிவி சீரியல் பேர்ல கட்டுனது. சீரியல் முடிஞ்சதே 2009, கோஸ்டர் வந்தது 2010. லைன்ல நிக்கறவன்ல எவன் அந்த சீரியல பாத்திருப்பான், நீ பாத்தியா? ஆனா ஏறி இறங்குனப்புறம் ரெண்டு நாள் அதையே பேசிக்கிட்டு இருந்தியே. வாட்டர்வேர்ல்ட் கதை இன்னும் பெருசு. 1995ல வந்த படம், அதுவரைக்கும் வந்த படத்துலயே அதுக்குத்தான் செலவு ஜாஸ்தி, செலவுக்கு ஏத்த மாதிரி ஓடல, பேப்பர்காரன்லாம் கிழிச்சு தொங்க விட்டான். அதே வருசம் ஹாலிவுட் யுனிவர்சல் பார்க்குல அந்த பேர்ல ஒரு ஸ்டண்ட் ஷோ ஆரம்பிச்சாங்க, படத்த எல்லாரும் மறந்தாச்சு, ஷோ 30 வருசம் தாண்டியும் ஓடிக்கிட்டு இருக்கு, ஒசாகாலயும் இருக்கு. தண்ணி அடிக்குது, தீ எரியுது, பிளேன் வந்து விழுது, இதுக்கு கதை எதுக்கு?

மறுபக்கம் நம்ம ராமநாதபுரம் பொருட்காட்சிய சொல்லணும். கடைசியா நான் போனப்ப முகப்புல அவதார் உலகம்னு போட்டு பிளைவுட்ல மலையெல்லாம் கட்டி வச்சிருந்தாங்க. அந்த பறக்குற மிருகத்தோட ரெக்கையில நீல பெயிண்ட் உரிஞ்சு உள்ள பச்சை தெரியுது, பாத்தா அது போன தடவ வச்ச டைனோசர். அக்கா மகன் அத ஒரு செல்ஃபிக்கு மேல சீண்டல, நேரா ராட்டினத்துக்கு ஓடிட்டான், அங்கிட்டு இருந்து டெல்லி அப்பளம். அதே அவதார டிஸ்னிக்காரன் 2017ல ஃப்ளோரிடால கட்டுனான், முதல் படம் வந்து எட்டு வருசம் கழிச்சு. ஹீரோ பேரு என்னன்னு கேட்டா பாதி பேரு முழிப்பான், ஆனா அந்த மிருகத்து முதுகுல பறக்கற ரைடுக்கு மணிக்கணக்குல நிக்கறான்.

கதையவே முழுசா நம்பி இறங்குனா என்னாகும்னா, அதே டிஸ்னி ஸ்டார் வார்ஸ்ங்கற விண்வெளி படம் பேர்ல ஒரு ஓட்டல் திறந்துச்சு பாரு, 2022 மார்ச். ரெண்டு ராத்திரி, நாலு பேர் குடும்பத்துக்கு கிட்டத்தட்ட 6000 டாலர், உள்ள போயி நீயும் ஒரு கேரக்டரா நடிக்கணும். போனவன் நல்லாருக்குன்னுதான் சொன்னான், ஆனா அம்புட்டு வெறியும் அம்புட்டு பணமும் சேந்து இருக்கறவன் எத்தன பேரு, 2023 செப்டம்பர்ல இழுத்து மூடிட்டாங்க.

எனக்கு ஒரு ஆதங்கம் என்னன்னா, இப்ப எவனும் சொந்தமா எதையும் யோசிக்கறதில்ல. டிஸ்னிலேண்ட்ல கடல் கொள்ளைக்காரன் ரைடு 1967ல வந்தது, அத வச்சு படம் எடுத்தது 2003ல. அப்ப ரைடுல இருந்து படம் பொறந்துச்சு, இப்ப எல்லாம் தலகீழ், பேரு தெரிஞ்ச சரக்குன்னாதான் முதலாளி பணத்த வெளிய எடுக்கறான்.

அதனால பசங்க ஹாரி பாட்டர் புக்கு படிக்கலன்னு கவலப்படாத. கோட்டைய பாத்தா வாய பொளக்கும்ங்க, மந்திரக்கோல ஆட்டுனா ஜன்னல்ல ஏதோ அசையுது, அது போதும் அதுகளுக்கு. அதே பார்க்குல நின்டெண்டோன்னு வீடியோ கேம் கம்பெனி பேர்ல இருக்கற பக்கம் கூட்டமான நாள்ல நேரம் போட்ட சீட்டு இல்லாம உள்ள விட மாட்டான், அத முதல்லயே பாத்துக்க. சின்னவன் உயரத்தயும் அளந்துக்க, சில ரைடுல ஏத்த மாட்டான், அங்க போயி அழுதா நீதான் தூக்கிட்டு அலையணும்.

அடுத்த வாரம் நம்ம தெரு ஆளு ஒருத்தர் அங்க வர்றாரு, கீழக்கரை போயி தொதல் வாங்கி குடுத்து விடறேன். ஒரு கிலோ போதுமா சொல்லு, போன தடவ மாதிரி ஆபீஸ்லயே தீத்துட்டு தங்கச்சிக்கு வெறும் டப்பாவ கொண்டு போய் காட்டாத.

உன் மச்சான்