'பதிவு செய்யக் கூடாது' பலகை வைத்திருக்கும் சென்னை சபா காரியதரிசிகளுக்கு

மதிப்பிற்குரிய காரியதரிசிகளுக்கு வணக்கம்.

மார்கழிக் கர்நாடக இசைக் கச்சேரிகள் வந்தால் அரங்க வாசலில் அந்தப் பலகையும் வந்துவிடும்: 'ஒலி, ஒளிப்பதிவு செய்யக் கூடாது.' அதை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'முன் அனுமதி பெற்றவர்கள் தவிர' என்று அதன் கீழே ஒரு வரி சேருங்கள், அவ்வளவுதான். அப்படிச் சேர்த்துவிட்டு, அனுமதி பெற்றவர்கள் உட்கார நான்கு நாற்காலி ஒதுக்குங்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சட்டைப் பையில், மடியில், கைப்பைக்குள் போன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அத்தனை பேரையும் எந்தத் தொண்டராலும் பிடிக்க முடியாது. பிடிபடுவது, ஒழுங்காகப் பதிவு செய்ய ரெக்கார்டரும் ஸ்டாண்டும் கொண்டு வருகிற ஆள்தான். ஆக, உங்கள் தடை நல்ல பதிவை மட்டும் நிறுத்துகிறது. மோசமான பதிவு கச்சேரி முடிந்து வீடு போய்ச் சேருவதற்குள் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது, பாடகரின் பெயரோடு.

போன் பதிவு எவ்வளவு மோசம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன் ஒலியளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். மிருதங்கத்தில் பலமாக ஒரு 'தீம்' விழுந்தால் உடனே லெவலைக் கீழே இழுத்துவிடும். பாடகரின் குரலும் சேர்ந்து அமுங்கிப்போகும். பிறகு மெதுவாக மேலே ஏறும்போது ஏசி இரைச்சலையும் பின்வரிசைப் பேச்சையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். ஆலாபனையில் கீழ் ஸ்தாயியில் முணுமுணுப்பாகப் பாடியதும் தார ஸ்தாயியில் உச்சத்தில் நின்றதும் ஒரே உயரத்தில் கேட்கும். ராகத்தை அவர் எப்படிக் கட்டி எழுப்பினார் என்பதே தெரியாது. சில போன்களில் இரைச்சல் நீக்கும் வசதி வேறு இருக்கிறது. தம்புராவை விசிறி என்று நினைத்து நீக்கிவிடும்!

நல்ல பதிவுக்குப் பெரிய செலவில்லை. கையடக்கமான ஜூம் அல்லது டாஸ்காம் ரெக்கார்டர் ஒன்று, மெல்லிய ஸ்டாண்டு ஒன்று, சரியான இடம். இதில் மூன்றாவதுதான் எங்களிடம் இல்லை. பக்கவாட்டில், தொங்கும் ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்தால் அந்த ஸ்பீக்கரைத் தவிர வேறொன்றும் பதிவாகாது. கடைசி வரிசைக்குப் போனால் பாட்டைவிட அரங்கின் எதிரொலிதான் கூடுதலாக விழும். நடுவில், நாலைந்து வரிசை தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே மைக் இருக்க வேண்டும். பின்னால் இருப்பவருக்கு மறைக்காமலும் இருக்க வேண்டும். அதனால் நடைபாதையை ஒட்டிய நாற்காலிகளாகக் கேட்கிறேன்.

பதிவாகும் ஒலியின் அளவை, அதாவது லெவலை, கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். கச்சேரியில் மிகப் பெரிய சத்தம் பாட்டு அல்ல. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் வரும் கைதட்டல். அதுவும் பக்கத்து இருக்கைக்காரர் தட்டுவது. அதற்கு இடம் விட்டு, வர்ணத்தில் உச்சம் ரெக்கார்டரின் அளவுமானியில் மைனஸ் 12 டெசிபலைத் (பூஜ்யம்தான் எல்லை) தாண்டாமல் வைத்தால் நிம்மதியாகக் கேட்கலாம். 24 பிட்டில் பதிவு செய்யும்போது குறைவாகப் பதிவானதை வீட்டில் உயர்த்திக்கொள்ளலாம். எல்லை மீறி உடைந்து பதிவானதைச் சரிசெய்வது கடினம். ஏசி உறுமலை வெட்டுகிற பொத்தானை அழுத்தத் தோன்றும். அவசரப்பட்டு அழுத்தினால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதமும் சேர்ந்து போய்விடும்.

'மிக்சரிலிருந்தே வயர் தருகிறோமே' என்று உங்களில் தாராள மனசுக்காரர்கள் சொல்வதுண்டு. நன்றி. ஆனால் அது பாதிக் கிணறுதான். மைக்செட்காரர் கலக்குவது அரங்கை நிரப்புவதற்காக. மேடையிலிருந்தே நேராகப் பலமாகக் கேட்கும் வாத்தியத்தை அவர் குறைத்து வைத்திருப்பார். அந்த வயரில் வருவதைத் தனியாகக் கேட்டால் பாடகர் காதுக்குள் பாடுவார், கடம் அடுத்த தெருவில் ஒலிக்கும், ரசிகர்களின் 'ஆஹா' இருக்கவே இருக்காது. வயரிலிருந்து ஒன்று, அரங்கிலிருந்து ஒன்று என இரண்டையும் எடுத்து வீட்டில் சேர்ப்பதுதான் சிறந்த வழி. 12 மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்கு ஒலி ஏறக்குறைய 35 மில்லி வினாடி தாமதமாக வரும். அதை நகர்த்திப் பொருத்தாவிட்டால் ஒவ்வொரு மிருதங்கச் சொல்லும் இரண்டு முறை விழும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாது என்பதால், வர்ணத்தில் பொருத்தியது மங்களத்தில் விலகி நிற்கும். பொறுமை உள்ளவர் செய்கிற வேலை இது. சம்பளம் கிடையாது.

இந்த இடத்தில் வேறொன்றும் சொல்லிவிடுகிறேன். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று வாதாடியவர். அந்த அளவுக்கு நான் போகவில்லை. ஆனால் அரங்கில் ஒலியளவைக் கொஞ்சம் குறைத்தால் பதிவும் நன்றாக வரும், முன்வரிசைப் பெரியவர்களின் காதும் பிழைக்கும்.

ரசிகர்கள் பதிவு செய்வது எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கால 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். அதில் நீண்ட நேரம் விரித்துப் பாடும் ராகம் தானம் பல்லவி எப்படி அடங்கும்? பாடகர்களில் ஜி.என். பாலசுப்பிரமணியம் 1965-இல் மறைந்தார், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-இல், மதுரை மணி ஐயர் 1968-இல். அவர்கள் முழுக் கச்சேரியை எப்படி நடத்தினார்கள் என்று நமக்கு இன்று தெரிகிறதென்றால், வானொலி நிலைய நாடாக்களோடு, ஸ்பூல் டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு போன ரசிகர்களும் காரணம். ஒரே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவல் சூடுபிடிக்கும்போது நாடா தீர்ந்துபோகும். மாற்றிப் போடுவதற்குள் ஸ்வரம் ஆரம்பமாகியிருக்கும். இன்று அந்தக் கவலை இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜிபி. 32 ஜிபி கார்டில் மூன்று மணி நேரக் கச்சேரிகள் பத்து அடங்கும்.

சரி, உரிமை? உங்கள் பயம் நியாயமானது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது உரிமை கொடுத்தது. இன்று அது 50 ஆண்டு நீடிக்கிறது. பதிவு செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்கோ, உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கோ பதிவு செய்வதை அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் அரங்கம் உங்களுடையது, பாட்டு அவருடையது. ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்ய எனக்கு விருப்பமில்லை. தொண்டை சரியில்லாத நாளில் பாடகர் 'வேண்டாம்' என்றால் ரெக்கார்டர் பையிலேயே இருக்கட்டும், காரணம் கேட்க வேண்டாம். பக்கவாத்தியக்காரர்களிடமும் கேட்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவின் பிரதி ஒரு வாரத்துக்குள் கலைஞர்களுக்கும் சபாவுக்கும் போக வேண்டும். எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் யூடியூபில் ஏற்றியவருக்கு அதன் பிறகு இடம் இல்லை.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் ராக் குழு 1984-இலேயே பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியது. விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ரசிகர்கள் நாடாக்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். குழுவின் கச்சேரிக்குக் கூட்டம் குறையவில்லை.

தனிப் பகுதி என்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ரெக்கார்டருக்குப் பக்கத்தில் உட்காருபவர் தொடையில் தாளம் போடாதவராக இருக்க வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து, மடக்கு நாற்காலியை 'டப்'பென்று விடாதவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நான்கு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவருக்கொருவர் காவல். சென்ற ஆண்டு ஒரு சபாவில், பாடகர் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம் என் பையில் இருக்கும்போதே, தனி ஆவர்த்தனத்தின் நடுவில் தொண்டர் ஒருவர் வந்து அணைக்கச் சொன்னார். கடிதத்தைக் காட்டினேன், படித்தார், உரக்கவே படித்தார். அந்தப் பதிவில் கடத்தைவிட அவர் குரல்தான் தெளிவாக இருக்கிறது.

எல்லாக் கச்சேரிக்கும் ஒரேயடியாகக் கேட்கவில்லை. மதியக் கச்சேரிகளில் தொடங்குங்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத அந்த வேளையில், பாதி காலியான அரங்கில் பாடுகிற இளைஞர்களில் பலருக்குத் தங்கள் பாட்டைத் திரும்பக் கேட்க நல்ல பதிவு கிடைப்பதில்லை. நாற்காலிகள் எப்படியும் காலியாகத்தான் இருக்கின்றன. ஒப்புதல் படிவத்தை ஒரே பக்கத்தில் எழுதித் தர நான் தயார்; உங்கள் வழக்கறிஞர் திருத்திக்கொள்ளட்டும். டிசம்பர் அட்டவணை அச்சுக்குப் போகும் முன் பதில் தெரிந்தால், கலைஞர்களிடம் முன்கூட்டியே கேட்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மதியக் கச்சேரி ரசிகர் ஒருவர்