உதவி வாங்குகிறவர் முகம் நமக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபைகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் நலத்திட்ட உதவிகள் வழங்கிய செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது, அப்புறம் அதே படங்கள் வாட்ஸ்அப்பில் இன்னும் பல மடங்காகச் சுற்றுகின்றன. எல்லாப் படமும் ஒரே மாதிரிதான். நடுவில் ஒரு போர்வையோ தையல் இயந்திரமோ உணவுப் பொருள் மூட்டையோ இருக்கும், அதை ஒரு பக்கம் பிடித்தபடி நாலைந்து பேர் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள், மறுபக்கம் ஒற்றை ஆளாக ஒருவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார். நான் ஒரு கிறிஸ்தவன், என் சபையின் உதவிப் பணிகளில் தொடர்ந்து பங்கெடுக்கிறவன். அந்த ஒற்றை ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உதவி வாங்குகிறவரின் முகத்தைப் படம் பிடித்து வெளியிடும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட வேண்டும். நாங்கள் யாரைப் பின்பற்றுவதாகச் சொல்கிறோமோ அவர் இதைச் செய்யவில்லை.

மலைப் பிரசங்கத்தில் இயேசு சொன்னது எல்லாருக்கும் தெரியும். தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே, வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்றார். இதைக் கொடுப்பவரின் பெருமைக்கு எதிரான எச்சரிக்கையாக மட்டுமே நாங்கள் பிரசங்கிக்கிறோம். அது சரிதான், ஆனால் தாரைச் சத்தம் கேட்டு ஊர் திரும்பிப் பார்க்கும்போது கொடுக்கிறவனை மட்டுமா பார்க்கிறது? கை நீட்டி நிற்கிறவனையும் சேர்த்துத்தானே பார்க்கிறது? அவன் நிலை என்ன என்பதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு வெகுநாளாக வருத்தம்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தை இந்தக் கேள்வியோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஏழாம் அதிகாரத்தில் காது கேளாத, பேச்சு திக்குகிற ஒருவரை அழைத்து வருகிறார்கள், இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே கூட்டிப்போய்க் குணமாக்குகிறார். எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் பார்வையில்லாத ஒருவர், இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திக்கொண்டு போகிறார், குணமாக்குவது அதற்கப்புறம்தான். ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகள் இறந்துகிடக்கிற வீட்டில், அழுது புலம்பிக்கொண்டிருந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் மூன்று சீஷர்களையும் மட்டும் உடன் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையை எழுப்புகிறார். எழுப்பிய கையோடு அவர் சொன்னது இரண்டே விஷயம்: இதை யாருக்கும் சொல்ல வேண்டாம், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். அவ்வளவு பெரிய அற்புதத்தைச் செய்த நேரத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பசியை நினைத்தாரே, அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துபோகும். வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் கட்டளையிட்டதற்கு வேத அறிஞர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள், அவர் எப்படிப்பட்ட மேசியா என்பதை மக்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதில் ஒன்று. இருக்கட்டும். ஆனாலும் ஒரு மனிதனின் கையைப் பிடித்து, வேடிக்கை பார்க்கிறவர்களை விட்டு விலக்கி, ஊருக்கு வெளியே நடத்திக் கூட்டிப்போனதில் இருக்கிற கரிசனம் மறுக்க முடியாதது.

பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணை மட்டும் எல்லார் முன்னாலும் வரவழைத்தாரே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நோயால் தீட்டுள்ளவள் என்று ஒதுங்கி வாழ வேண்டியிருந்தவள் அவள், குணமானது ஊருக்குத் தெரிந்தால்தான் மறுபடியும் எல்லாரோடும் சேர்ந்து வாழ முடியும். அவர் அவளை “மகளே” என்று கூப்பிட்டார், உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கியது என்று சொல்லிப் பெருமையை அவளுக்கே கொடுத்து அனுப்பினார். எங்கள் மேடைகளில் பெருமை யார் பக்கம் போகிறது என்பதை அந்தப் படங்களைப் பார்த்தாலே தெரியும்.

இந்த அக்கறை பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. நீ ஒருவனுக்குக் கடன் கொடுத்தால் அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் போகாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். கடன்பட்டவனின் வீட்டு வாசலுக்குக்கூட அந்தச் சட்டம் மரியாதை கொடுக்கச் சொல்கிறது. நாங்களோ நிவாரணம் கொடுக்கப் போகிற வீட்டுக்குள் கேமராவோடு நுழைகிறோம், கிழிந்த கூரையையும் காலிப் பாத்திரத்தையும் வீடியோ எடுத்து, சோகமான இசை சேர்த்துப் போடுகிறோம். ரூத்தின் கதையில் வயலின் சொந்தக்காரர் போவாஸ் செய்ததைப் பாருங்கள். கதிர் பொறுக்க வந்த அந்த மோவாபிய விதவையைக் கூப்பிட்டு நேராகத் தானியத்தை அளந்து கொடுத்திருக்கலாம். அவர் வேலைக்காரர்களிடம் போய், அரிக்கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவி விட்டுவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை அதட்டாதீர்கள் என்று சொல்லி வைத்தார். அன்று சாயங்காலம் ரூத் தன் மாமியாரிடம் கொண்டுபோனது அவள் கையால் பொறுக்கி, அவளே தட்டி எடுத்த தானியம். உதவி கிடைத்தது, தலை குனிய வேண்டியிருக்கவில்லை. மைராவின் ஆயர் நிக்கோலாஸ், பெண்களுக்குச் சீர் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் வீட்டுக்குள் இரவில் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்று மரபாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறியவர் அவர்தான். கதையின் எந்த அளவு வரலாறு என்பது எனக்கு முக்கியமில்லை, இரவில் போனார் என்பதைச் சபை இத்தனை நூற்றாண்டாக நினைவில் வைத்திருக்கிறதே, அதுதான் முக்கியம்.

இதைச் சபையில் பேசினால் இரண்டு பதில் வரும். முதல் பதில், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று அதே மலைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறதே என்பது. உண்மைதான். செய்த வேலை வெளியே தெரிவதில் தப்பில்லை, யார் கவனத்துக்காகச் செய்கிறோம் என்பதைத்தான் அடுத்த அதிகாரம் கேட்கிறது. மருத்துவமனை கட்டினால் ஊருக்குத் தெரியத்தான் செய்யும். அதற்காக நோயாளியின் முகத்தைச் சுவரொட்டியில் போட வேண்டியதில்லை.

இரண்டாவது பதில்தான் நிஜமான சிக்கல். படம் இல்லாவிட்டால் நன்கொடையாளர்கள் நம்ப மாட்டார்கள், பணம் போய்ச் சேர்ந்ததற்கு என்ன அத்தாட்சி என்கிறார்கள். உதவிப் பணிகளில் மோசடிகள் நடப்பதால் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இதே பிரச்சினை அப்போஸ்தலன் பவுலுக்கும் இருந்தது. எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா சபைகளில் அவர் பெரிய தொகை திரட்டினார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில், இந்தப் பணத்தைக் கையாளுவதில் யாரும் எங்களைக் குற்றம் சொல்ல இடம் வரக் கூடாது என்று எழுதி, சபைகள் தேர்ந்தெடுத்த நம்பகமான ஒருவரைத் தன் உடன் ஊழியர் தீத்துவோடு கூட அனுப்புகிறார், இன்னொரு சகோதரரும் அவர்களோடு போகிறார். அதாவது கணக்கை, சாட்சிகளோடு, எல்லார் முன்பும் வைத்தார். கணக்குக் கேட்கிறவருக்குக் கணக்கைக் காட்டுங்கள், ரசீதைக் காட்டுங்கள், தணிக்கை அறிக்கையைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், சபைக்கு வெளியிலிருந்து ஒருவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முதியவரின் குனிந்த முகம் எந்தக் கணக்கையும் நிரூபிப்பதில்லை. மோசடி செய்கிறவர்களும் அதே மாதிரிப் படத்தைத்தான் போடுகிறார்கள்.

படம் எடுக்கும் பழக்கத்தால் வேறொரு கெடுதலும் நடக்கிறது. படம் எடுக்க வசதியான சேவையை மட்டுமே நாங்கள் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டோம். போர்வை கொடுப்பதைப் படம் எடுக்கலாம். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்கு வாரம் தவறாமல் போய்ப் படுக்கைப்புண் கழுவுவதை எப்படிப் படம் எடுப்பது? மனநோயாளி மகனை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே வர முடியாத தாயின் வீட்டில் போய் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து, நீங்கள் போய்க் கொஞ்சம் தூங்குங்கள் அம்மா என்று சொல்வதை? நல்ல சமாரியன் கதையில் எல்லாரும் எண்ணெயையும் திராட்சரசத்தையும் காயம் கட்டியதையும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது மறுநாள் காலை. அடிபட்டவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கிறான், மேலே செலவானால் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். திரும்பி வருவேன் என்று சொன்ன பிறகுதான் அவன் போகிறான்.

திரும்பத் திரும்பப் போனவர்கள் எங்கள் வரலாற்றில் இல்லாமல் இல்லை. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும் கொள்ளைநோய் பரவியபோது, நோயாளிகளைக் கவனித்த கிறிஸ்தவர்கள் பலர் அந்த நோயிலேயே இறந்தார்கள் என்று அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 361 முதல் 363 வரை ஆண்ட ரோமப் பேரரசர் ஜூலியனுக்குக் கிறிஸ்தவத்தைப் பிடிக்காது, அவரே தன் பூசாரி ஒருவருக்கு எழுதும்போது, இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்களே என்று குறைபட்டுக்கொண்டார். எதிராளியின் வாயிலிருந்து வந்த இந்தச் சாட்சியில் கவனிக்க வேண்டியது, உதவி வாங்கியவர்கள் யாரும் முதலில் இவர்கள் கூட்டத்தில் சேர வேண்டியிருக்கவில்லை என்பது. ஜெபக்கூட்டத்துக்கு வந்தால்தான் பொருள் தருவோம் என்று இன்று சில இடங்களில் நிபந்தனை போடுகிறார்கள், அதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்கள், ஒருவர்தான் திரும்பி வந்து நன்றி சொன்னார், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தை அவர் பிடுங்கிக்கொள்ளவில்லை.

அப்புறம் ஹவாயின் மொலோக்காய் தீவு. 1865இல் வந்த ஒரு சட்டப்படி தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பெல்ஜியத்தில் பிறந்த தாமியான் என்ற பாதிரியார் 1873இல் தன் 33 வயதில் அங்கே போனார், புண்களுக்குக் கட்டுப்போட்டார், வீடுகள் கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார், கடைசியில் அதே நோய் வந்து 1889இல் 49 வயதில் இறந்தார். அவரை உலகமே அறியும். அவருடைய கடைசி மாதங்களில் அவரைக் கவனித்துக்கொண்ட மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரியை எத்தனை பேருக்குத் தெரியும்? 1888இல் மொலோக்காய் போனவர் 1918இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். அங்கிருந்த பெண்பிள்ளைகளுக்கு அவரும் உடனிருந்த சகோதரிகளும் அழகான உடைகள் தைத்துக் கொடுத்தார்கள். நோய் முகத்தைச் சிதைத்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாக உடுத்திக்கொள்ள ஆசை இருக்கும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, இரக்கம் என்றால் அதுதான் என்பேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிப் பிள்ளைக்கு ஒரு சபையில் நோட்டுப் புத்தகங்கள் கொடுத்தார்கள், மேடையில் ஏற்றிப் படம் எடுத்தார்கள், அந்தப் படம் வகுப்பில் யாரோ ஒருவரின் பெற்றோர் போனுக்கு வந்துவிட்டது. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை எவ்வளவு சொல்லியும் வரவில்லை. அதன் அம்மா மட்டும் வந்து, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் தேவைப்படாமலா இருந்திருக்கும்?

பசியாயிருந்தேன், நீங்கள் எனக்குச் சாப்பாடு கொடுத்தீர்கள் என்று நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா சொல்வதாக மத்தேயு 25இல் வருகிறது. நீதிமான்கள் அதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள், உம்மை எப்போது பசியாகக் கண்டோம் என்று கேட்கிறார்கள். செய்ததே அவர்களுக்கு நினைவில்லை. அப்படியிருக்க நாங்கள் ஒவ்வொன்றையும் ஆல்பமாகச் சேர்த்து வைக்கிறோம். மிகவும் சிறியவரான ஒருவருக்குச் செய்தது தமக்கே செய்தது என்று அவர் சொன்னதை நம்புகிறவர்கள் நாங்கள். அப்படியென்றால் அந்தப் படத்தில் கூச்சத்தோடு நிற்பது யார்?

என் சபை மக்களுக்கும் மற்ற சபைகளில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை உதவி கொண்டுபோகும்போது போனைப் பைக்குள் வையுங்கள், மேடை போடாதீர்கள், முடிந்தால் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் அழைத்தால் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள், அடுத்த மாதமும் போங்கள். தன் கதையைத் தானே சொல்ல விரும்புகிறவர் இருந்தால் அவர் சொல்லட்டும், ஆனால் பொருளைக் கையில் கொடுத்துக்கொண்டே சம்மதம் கேட்காதீர்கள், அந்த நிலையில் யாராலும் மறுக்க முடியாது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் ஐயா. இப்படிப்பட்ட செய்திகள் உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, செய்தியைப் போடுங்கள், எந்த அமைப்பு, எதற்காகச் செய்தது என்று எழுதுங்கள், கொடுத்தவர்கள் படம் வேண்டுமென்றால் அதையும் போடுங்கள். வாங்குகிறவர் முகம் தெரியும் படத்தை வெளியிடுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பத்திரிகையில் அறிவிக்கவும் செய்யுங்கள். படம் அச்சில் வராது என்று தெரிந்தாலே எடுக்கிறவர்கள் பாதிப்பேர் எடுக்க மாட்டார்கள். எல்லாருக்கும் உடனே இதைச் செய்வது கடினம் என்றால், குழந்தைகளிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்