மாற்றுச்சாவி போட ஒரு பதிவேடு வேண்டும்: ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.
அனுப்புநர்: கும்பகோணம் வட்டத்துக் கிராமவாசி.
பொருள்: மாற்றுச்சாவி போட்டுக் கொடுப்பதை ஒழுங்குபடுத்தக் கோருதல்.

வணக்கம்.

போன குறுவை நடவு சமயத்தில், என் அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போயிருந்த ஒரு பகலில், பீரோவிலிருந்த நாலரைப் பவுன் போய்விட்டது. வாசல் பூட்டு உடையவில்லை, பீரோவில் ஒரு கீறல் இல்லை, எல்லாம் பூட்டியது பூட்டியபடி இருந்தது. அதனாலேயே புகார் கொடுக்கப் போன இடத்தில், "பூட்டு உடையலையே, வீட்டு ஆளுங்களை விசாரிங்க" என்றார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. திருடும் எண்ணத்தோடு பூட்டைத் திறந்து நுழைந்தாலும் அது வீடு உடைப்புதான் என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 330-ஆவது பிரிவு சொல்வதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதற்கு முன்பு வெள்ளையடிப்பு நடந்த ஒரு வாரம் கொத்துச்சாவி மாடக்குழியில்தான் கிடந்தது. யார் மேலும் நான் பழி சொல்லவில்லை, ஆதாரம் இல்லை. ஆனால் அந்தச் சாவிக்கு நகல் போடப்பட்டதா என்று போய்க் கேட்க எந்தக் கடையிலும் ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது.

நானே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவரிடம் சாவியை நீட்டிப் பார்த்தேன். மெஷினில் ஒரு பக்கம் என் சாவி, மறுபக்கம் வெட்டாத சாவி, ஐந்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார், யாருடைய சாவி என்ற கேள்வியே இல்லை. மெஷின்கூட வேண்டாம், சோப்பில் பதித்த அச்சு இருந்தால் கைவேலைக்காரர் அரத்தால் ராவியே செய்துவிடுவார். பாங்க் லாக்கர் சாவியில் வங்கியின் அடையாளக் குறியீடு பொறித்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே விதி போட்டது. லாக்கர் இல்லாத வீட்டு நகைக்கும் ஏதாவது காவல் வேண்டாமா?

சாவி போடுகிறவர்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போடச் சொல்லவில்லை. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அவர்களைத்தான் விசாரிக்கிறார்கள், பதிவேடு இருந்தால் அவர்களுக்கும் அது பாதுகாப்பு. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி கொடுக்கிற அடையாள அட்டையை அவர்கள் எல்லோருக்கும், காசு வாங்காமல், கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு நோட்டு: சாவி கொண்டுவந்தவர் பெயர், போன் நம்பர், தேதி, எத்தனை சாவி, எந்த அடையாள அட்டையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பைக் சாவி என்றால் ஆர்.சி. புத்தகத்தையும் பார்க்கட்டும். சோப்பு அச்சு, செல்போன் போட்டோ இவற்றை வைத்து யாருக்கும் சாவி செய்யக்கூடாது; சாவி தொலைந்தவர் வீட்டுக்கே நேரில் போய், அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்கள் ஆள் மாறும்போது பூட்டையும் மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டால் நல்லது.

2028-இல் மகாமகம். ஊரெல்லாம் லாட்ஜும் வாடகை அறையுமாக நிரம்பும், ஒரே சாவி எத்தனையோ கை மாறும். அதற்குள், முதலில் கும்பகோணம் மாநகராட்சி எல்லையிலாவது, இதைத் தொடங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் வட்டத்துக் கிராமவாசி