அணைத்த லைனில்தான் ஆபத்து அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை என்று அறிவிப்பு வந்தாலே, "நாலு கிளையை வெட்ட அஞ்சு மணி நேரமா?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. வாசகர் கடிதப் பகுதியிலும் அதை அடிக்கடி பார்க்கிறோம். கேட்பவர்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. செல்லூரில் தறி நின்றால் கூலி நிற்கும், உசிலம்பட்டிப் பக்கம் மோட்டார் நின்றால் பாத்தி காயும். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் கம்பத்தின் மேலும் கீழும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கேள்வி மாறும் என்று நம்பி இதை எழுதுகிறோம்.

கரண்ட் ஓடுகிற லைனை லைன்மேன் தொடப்போவதில்லை. ஓடுகிறது என்று தெரிந்தால் எட்ட நின்றுவிடுவார். அவர் பயப்படுவது 'ஆஃப் ஆகிவிட்டது' என்று நம்பிக் கை வைக்கிற லைனைத்தான். அந்த நம்பிக்கையை ஒவ்வொரு படியாகச் சோதித்து உறுதிப்படுத்தத்தான் நேரத்தில் பாதி போகிறது.

முதல் படி எல்.சி., அதாவது லைன் கிளியர்; லைனை நிறுத்தி வேலைக்குக் கொடுக்கிற அனுமதி. எந்த ஃபீடர் (சப் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிற மின்பாதை), எங்கிருந்து எதுவரை, என்ன வேலை, எத்தனை ஆட்கள் என்று பொறுப்பாளர் கேட்டு வாங்க வேண்டும். சப் ஸ்டேஷன் ஆபரேட்டர் பிரேக்கரை (சப்ளையைத் துண்டிக்கிற சாதனம்) நிறுத்தி, ஐசொலேட்டரை (லைனைத் தனியாகப் பிரிக்கிற சுவிட்ச்) திறந்து, ஃபீடரை எர்த் செய்து, அதாவது மண்ணோடு இணைத்து, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையைப் பேனலில் மாட்டி, லாக் புத்தகத்தில் நேரம் குறித்து, எண் கொடுப்பார். போனில் வாங்கினால் அந்த எண்ணையும் ஃபீடர் பெயரையும் இந்தப் பக்கம் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அது எல்.சி. ஒரே ஊர்ப் பெயரில் கிழக்கு, மேற்கு என இரண்டு ஃபீடர் ஒரே சப் ஸ்டேஷனிலிருந்து கிளம்புவது உண்டு. இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழுந்தால் முடிந்தது கதை.

அடுத்தது வேலை நடக்கிற இடம். கம்பத்தின் மேலே மூன்று கம்பியையும் பிரித்துவிடுகிற ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியை இழுத்து இறக்கியதும் யாரும் ஏறிவிடக் கூடாது. அண்ணாந்து பார்த்து, மூன்று பிளேடும் தனித்தனியாகத் திறந்து நடுவில் வானம் தெரிகிறதா என்று எண்ண வேண்டும். துருப்பிடித்த சுவிட்சில் கைப்பிடி முழுக்க இறங்கியிருக்கும், நடு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில இடத்தில் பிளேடு கெட்டுப்போய், மழைக்கால அவசரத்தில் யாரோ ஜம்பர் போட்டு நேராக இணைத்திருப்பார்கள். அந்த சுவிட்சை எத்தனை முறை இழுத்தாலும் லைன் சாகாது. திறந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கைப்பிடிக்குப் பூட்டு, சாவி பொறுப்பாளர் பையில்.

டிரான்ஸ்பார்மரில் வேலை என்றால் மேலே எச்.டி. (உயர் அழுத்த) பக்கத்தை நிறுத்தியது போதாது. கீழே எல்.டி. (தாழ்வழுத்த) ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கிவிட வேண்டும். இதைத்தான் மக்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம், ஏனென்றால் இதன் இன்னொரு முனை உங்கள் வீட்டில் இருக்கிறது.

ஊரில் நிற்கிற டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கணக்குப்படி 250 வோல்ட். டிரான்ஸ்பார்மருக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்ற பேதம் கிடையாது. கீழே கொடுத்தால் மேலே ஏற்றிவிடும். மின்தடை நேரத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலோ கடையிலோ ஜெனரேட்டரை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஜெனரேட்டர் ஓடும்போது வெளி லைனைத் துண்டித்து வைக்கிற சுவிட்ச்) இல்லாமல் வீட்டு வயரிங்கோடு இணைத்தால், ஜெனரேட்டரின் 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாகக் கம்பத்துக்குப் போய், டிரான்ஸ்பார்மரின் கீழ்ப் பக்கம் நுழைந்து, மேல் பக்கம் சுமார் 10,000 வோல்ட்டாக வெளியே வரும். அதே லைனில் அரை கிலோமீட்டர் தள்ளி ஒருவர் பெல்ட் மாட்டி நின்றுகொண்டிருப்பார். சப் ஸ்டேஷனில் எல்லாம் ஆஃப், கையில் எல்.சி. எண், சுவிட்சில் பூட்டு, எல்லாம் சரியாக இருந்தும் ஆள் போய்விடுவார். எங்கள் தொழிலில் இதற்கு ரிட்டர்ன் சப்ளை என்று பெயர். இரண்டு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய ஒரு வயரை பிளக் பாயின்ட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கிற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அந்த வயரை இன்றே வெட்டிப் போடுங்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடும்போது ஃபேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாறுகிற வகையாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: லைனோடு இணைந்து ஓடுகிற இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. பேட்டரி சேர்க்கிறேன் என்று அந்த ஏற்பாட்டைக் கலைத்து வயரிங் செய்வதுதான் ஆபத்து.

கிராமத்து ஃபீடர்களில் இன்னொரு தொல்லை உண்டு. மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால், மீதி இரண்டையும் வைத்துக் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுவார்கள். ஓடுகிற மோட்டார், சப்ளை இல்லாத அந்த மூன்றாவது ஃபேஸிலும் வோல்ட்டேஜைத் திருப்பி அனுப்பும். ஃபியூஸ் போன கம்பிதானே என்று எந்த வயர்மேனும் அதை வெறுங்கையால் தொடக் கூடாது. மூன்றையும் நிறுத்தாமல் ஒன்றில் வேலை பார்ப்பது வேண்டாம் என்று மூத்தவர்கள் திட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இத்தனைக்கும் பிறகு கடைசிக் காவல் எர்த் ராடு, அதாவது கம்பியை மண்ணோடு இணைக்கிற வயர் கட்டிய கோல். டெஸ்டரை வைத்து லைன் செத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும், மூன்று கம்பியிலும் எர்த் போட வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் தரையில் எர்த் முனையை இறுக்கிவிட்டு, அப்புறம்தான் ராடைக் கம்பியில் கொக்கியாக மாட்டுவது. எடுக்கும்போது முதலில் கம்பியிலிருந்து எடுத்து, கடைசியில் தரையில் கழற்றுவது. தலைகீழாகச் செய்தால், கம்பியில் ஏதாவது இருந்தால் அது எர்த் வயரைப் பிடித்திருக்கிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். இரண்டு பக்கமும் எர்த் போட்டிருந்தால், எந்தப் பக்கமிருந்து சப்ளை திரும்பி வந்தாலும் அது மண்ணுக்குப் போகும்; மேலே இருப்பவர் பிழைக்க வழி உண்டு. பக்கத்தில் பெரிய லைன் இணையாகப் போனால், அதன் தூண்டலால் நம் செத்த லைனிலும் வோல்ட்டேஜ் நிற்கும். அதற்கும் மருந்து இதே எர்த்தான்.

"எர்த் போட்டாச்சாடா தம்பி?"

"ரெண்டு பக்கமும் போட்டாச்சுண்ணே, ஏறுங்க."

வேலை இடத்தில் நீங்கள் கேட்கிற இந்தப் பேச்சு வெறும் பேச்சு அல்ல. கீழே நிற்பவர் தன் கண்ணால் பார்த்ததை மேலே போகிறவருக்கு உறுதியாகச் சொல்கிறார். கீழே நிற்கிற ஆளைச் சும்மா நிற்பதாக நினைப்பவர்கள் உண்டு. கைக்கயிற்றில் சாமானை ஏற்றி இறக்குவது, மேலே இருப்பவரின் பெல்ட் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, சுவிட்ச் பக்கம் யாரும் போகாமல் காப்பது எல்லாம் அவர் வேலை. அந்த நேரத்தில் அவர் போனை எடுக்க மாட்டார். அதனால்தான் நீங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

கையுறையைப் போடும் முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தருகே வைத்துப் பார்ப்பார்கள். ஊசித் துளை இருந்தால் காற்று கன்னத்தில் படும். அந்தக் கையுறையைக் கழித்துவிட வேண்டும். எல்.டி. வேலைக்கான கையுறையைப் போட்டுக்கொண்டு எச்.டி.யைத் தொட முடியாது என்பதும் புதிதாக வருகிற கேங்மேன் எனப்படும் களப்பணியாளர்களுக்கு முதல் நாளே சொல்லப்பட வேண்டியது. ஒப்பந்தத் தொழிலாளியும் அதே கம்பத்தில்தான் ஏறுகிறார். ஹெல்மெட், பெல்ட், கையுறை, பயிற்சி நான்கும் அவருக்கும் அதே தரத்தில் கிடைக்க வேண்டும், ராத்திரி எந்த ஆளையும் தனியாக லைனுக்கு அனுப்பக் கூடாது. இதை நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், இன்னும் சொல்வோம்.

கம்பமும் ஏமாற்றும். கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும், 9.14 மீட்டர் கம்பத்துக்கு அது சுமார் ஒன்றரை மீட்டர். சாக்கடைக்கும் குழாய்க்கும் தோண்டித் தோண்டி அந்த மண் போயிருக்கும். சிமென்ட் பெயர்ந்து உள்கம்பி துருப்பிடித்துத் தெரிகிற கம்பத்தில் ஒரு பக்கத்துக் கம்பியை அவிழ்த்தால், எதிர்ப்பக்க இழுப்பில் ஆளோடு சாய்ந்துவிடும். ஆகவே முதலில் தற்காலிக ஸ்டே (கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற கம்பி) கட்டியாக வேண்டும். அதற்கும் அரை மணி நேரம். சோழவந்தான் பக்கம் தென்னை மட்டை, மேலூர்ப் பக்கம் லைனுக்குள் வளர்ந்து நிற்கிற சீமைக்கருவேலம், கோடை முழுக்கப் படிந்த தூசியோடு முதல் தூறலில் பொரிகிற இன்சுலேட்டர் (கம்பியின் கரண்ட் கம்பத்தில் இறங்காமல் தாங்குவது) என்று ஒவ்வொரு ஃபீடருக்கும் தனித்தனி வியாதி உண்டு. மயிரிழை விரிசல் விட்ட இன்சுலேட்டரைத் தரையிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏறி, துடைத்து, சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

வேலை முடிந்ததும் எல்.சி.யைத் திருப்பிக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கவனமான வேலை. ஏறிய ஆட்கள் இறங்கிவிட்டார்களா என்று தலையை எண்ண வேண்டும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். எர்த் ராடு எத்தனை போனதோ அத்தனை திரும்பி வந்ததா என்று எண்ண வேண்டும். ஃபியூஸ் கட்டைகளை எண்ண வேண்டும். ஒரே எல்.சி.யில் மூன்று இடத்தில் மூன்று குழு வேலை பார்த்தால், மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்ன பிறகே, வாங்கியவர் மட்டுமே திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யாரும் அவருக்காகக் கொடுக்க முடியாது. மணி இரண்டைத் தாண்டியதும் மின்வாரிய செக்‌ஷனுக்கும் சப் ஸ்டேஷனுக்கும் போன் மேல் போன் வருகிறது. ஊர்ப் பெரியவர், கடைக்காரர், கட்சிக்காரர் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அந்த நெருக்கடியில்தான் 'முடிஞ்சிருக்கும்' என்று ஒருவர் சொல்லிவிடக்கூடும். தயவு செய்து அந்த அரை மணி நேரத்துக்கு யாரையும் நெருக்காதீர்கள்.

இன்னும் சில வேண்டுகோள்கள். ஃபியூஸ் போனால் மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு நீங்களாக டிரான்ஸ்பார்மருக்குப் போகாதீர்கள், இறக்கி வைத்த சுவிட்சை ஏற்றாதீர்கள்; மேலே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. 100 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்பார்மரின் எல்.டி. பக்கம் முழுச் சுமையில் ஒரு ஃபேஸுக்குச் சுமார் 133 ஆம்பியர்தான். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று தடித்த கம்பியை முறுக்கி வைத்தால் ஃபியூஸ் உருகாது, டிரான்ஸ்பார்மர் உருகும். காட்டுப்பன்றிக்காக லைனில் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடுவது சட்டப்படி குற்றம். ராத்திரி பழுது பார்க்க வரப்பில் நடந்து வருகிற லைன்மேனும் அந்த வேலியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஊர்த் திருவிழாவில் சப்பரம் வருகிற தெருவையும் நேரத்தையும் செக்‌ஷன் ஆபீஸில் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரத்தில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் போனதை மறக்க முடியாது. அறுந்து கிடக்கிற கம்பி காய்ந்த மண்ணில் விழுந்திருந்தால் பிரேக்கர் தானாகச் சப்ளையை நிறுத்தாமலே இருக்கலாம்; தீப்பொறி இல்லை என்பதால் கரண்ட் இல்லை என்று ஆகாது. பத்து மீட்டராவது தள்ளி நின்று, மாட்டையும் குழந்தைகளையும் விலக்கி வையுங்கள்.

இந்தத் தொழிலில் பெருமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு நடந்ததைச் சொல்வோம். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து லைன் ஆட்கள் லாரி லாரியாகப் போய், பள்ளிக்கூடத் தரையில் படுத்து வேலை பார்த்தார்கள். கிரேன் இறங்க முடியாத நஞ்சையில், முழங்கால் சேற்றில், ஒரு கம்பத்தைப் பத்துப் பதினைந்து பேர் கயிறும் தோளுமாகச் சுமந்து போய் நட்டார்கள். முந்தின நாள் வரை முகம் தெரியாதவர்கள். ஆனால் மேலே ஏறுகிறவர் கீழே எர்த் போட்டவரின் ஊரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. போட்டாச்சா என்று மட்டும்தான் கேட்டார்.

ஒரு லைன்மேன் அடிபட்டு விழுந்தால் முதல் சில நிமிடங்கள் உங்கள் கையில் இருக்கலாம். சப்ளை நின்றதை உறுதி செய்யாமல் அவரைத் தொடாதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, மூச்சும் அசைவும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டராவது அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கலாம். பழகாதவர்கள் அழுத்துவதை மட்டும் விடாமல் செய்யுங்கள். மண்ணில் புதைப்பது, தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து கை மாற்றும்வரை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
மின்பாதைக் களப்பணியாளர்கள் சிலர்,
திருமங்கலம் வட்டாரம், மதுரை மாவட்டம்.